தலைமடையில் ஒரு பவளம்

வயலில் நின்றிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சம்பா நாற்றங்காலுக்கு எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஒருவழியாக வந்து சேர்ந்த காலை. அப்பா வரப்பை வெட்டி மடையைத் திறந்துவிட்டு, காலடியில் கிடந்த வைக்கோல் தூளை ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீர்மேல் தூவினார். எப்போதும் செய்வதுதான். தூள் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தங்குகிறது என்று பார்த்தால் தரையில் மேடு எது, பள்ளம் எது என்று தெரிந்துவிடும். அன்று அது மடை வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கோரைத் தூரைத் தாண்டிப் போய், அதன் முதுகுப்பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் என் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில், கல்லுக்குப் பின்னால் மீன் கழிவு வந்து படிகிற இடமும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். எத்தனையோ காணொளிகளைப் பார்த்தும் பிடிபடாத விஷயம், இங்கே ஒரு கோரைத் தூருக்குப் பின்னால் மிதந்துகொண்டிருந்தது. தொட்டியும் ஒரு வயல்தானே என்று தோன்றியது. தண்ணீர் ஏற ஒரு வாய், வடிய ஒரு வாய், நடுவில் சமமான தரை. இவ்வளவுதானே. அப்பாவை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அந்த யோசனையை வைத்துத்தான் ஒரு உயிரைச் சாகும் நிலைக்குக் கொண்டுவந்தேன். இதை எழுதும் இன்றுவரை அது சாகவில்லை. பிழைக்குமா என்றும் தெரியவில்லை.

அது ஒரு தோல் பவளம். பார்ப்பதற்குக் காம்பும் குடையுமாகக் காளான் போலவே இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் குடை முழுக்க மெல்லிய இழைகள் எழுந்து நிற்கும்; ஒவ்வொரு இழை நுனியிலும் ஒரு குட்டிப் பூ. கல் போன்ற கெட்டிப் பவளங்களை நம் கடலிலிருந்து எடுக்கச் சட்டம் விடாது, அந்த ஆசையும் எனக்கு இல்லை. இது சென்னையில் ஒரு கடைக்காரர் தன் தொட்டியிலேயே வளர்த்தது. தெர்மோகோல் பெட்டியில் வைத்து, ரயிலில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறந்ததும் அப்பா எட்டிப் பார்த்து, "மறுபடியும் காளானா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. படிப்பு முடிந்து, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கத் தொடங்கிய மூன்று வருடத்தில், நான் கொல்லைப்பக்கம் காளான் கொட்டகை போட்டேன். பிறகு தேனீப் பெட்டி வைத்தேன். பிறகு மாடிமேல், மாட்டுத் தீவனத்துக்கு என்று, அசோலாப் பாசித் தொட்டி கட்டினேன். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு மாதம் நான் தூங்கவே மாட்டேன். மூன்றாவது மாதம் அந்தப் பக்கமே போகமாட்டேன். காளான் கொட்டகையில் இப்போது உரமூட்டை இருக்கிறது. வீட்டில் யாரும் இதைச் சொல்லிக் காட்டுவதில்லை, கல்லூரியில் படிக்கும் என் தங்கையைத் தவிர.

உப்புத்தண்ணீர்த் தொட்டி வைக்கப்போகிறேன் என்றபோது அப்பாவால் அதை நம்பவே முடியவில்லை. "வயல்ல உப்பு ஏறிடக் கூடாதுன்னு ஊரே கெடந்து அடிச்சுக்குது. நீ நல்ல தண்ணியில உப்பக் கொட்டிக் கலக்குற" என்றார். அதிராம்பட்டினத்துக் கடல் பேருந்தில் போய்வரும் தூரம்தான். ஆனால் அது சேற்றுக் கடல், என் தொட்டிக்கு ஆகாது. எனக்கான கடல் பொட்டலத்தில் தூளாக வருகிறது. வடிகட்டிய தண்ணீரில் அளந்து கரைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொட்டி மூன்றாவது மாதத்தைத் தாண்டியது. ஆறாவதையும் தாண்டியது. அதன் பிறகுதான் பவளத்தை வாங்கிவந்தேன். வாங்கிவந்த நான்காம் நாள், தங்கை வழக்கம்போல "இது எத்தனாவது மாசம் அக்கா? இன்னும் அலுக்கலயா?" என்று கேட்க, எனக்குச் சுரீரென்று வந்துவிட்டது. "இது செத்துச்சுன்னா தொட்டியவே எடுத்துடறேன். மீனத் திருப்பிக் குடுத்துடறேன். இனிமே எதையும் ஆரம்பிக்க மாட்டேன், போதுமா?" என்று சொல்லிவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அது என்னடி பாவம் பண்ணிச்சு, அத எதுக்கு பந்தயம் வைக்கிற" என்றாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வயலிலிருந்து ஓடிவந்தேன் என்றேனே, அது அதற்கு அடுத்த வாரம்.

அந்த ஞாயிறு முழுக்க அப்பாவும் நானும் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தோம். அவ்வளவு நாள் அதன் பக்கமே வராதவர், வயல் என்று சொன்னதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். அடிமணலை ஒரு நீளமான ஸ்கேலால் பரம்படிப்பதுபோல இழுத்து மட்டமாக்கினோம். கற்களை வரப்புபோல அடுக்கினோம். தொட்டித் தண்ணீரை ஓடவைக்க வேவ்மேக்கர் என்று ஒரு பம்ப் உண்டு. உள்சுவரில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளும். அதை இடது சுவரில், மடை வாய் போலப் பொருத்தினோம். வலது மூலையில் வடிகட்டி உறிஞ்சுகிறது, அது வடிகால். அப்பா தவிட்டைத் தூவிப் பார்க்கலாம் என்றார். நான் தடுத்து, மீன் தீனியில் நாலு மணியைப் போட்டேன். இடப்பக்கம் விழுந்த தீனி எங்கும் தங்காமல் ஒரே ஓட்டமாக வலது கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. "தண்ணி இப்பதான் தங்கு தடையில்லாம பாயுது" என்று அப்பா கையைத் துடைத்துக்கொண்டார்.

பவளத்தை எங்கே வைப்பது என்று நாங்கள் பேசவே இல்லை. அது என் கை தானாகச் செய்த காரியம். பம்ப் வாய்க்கு நேர் எதிரே, ஒரு சாண் தள்ளி, உயரமான கல்மேல் வைத்தேன். தண்ணீர் முதலில் பாய்கிற இடம் என்று அப்பாவும் தலையை ஆட்டினார். "தலைமடையில இருக்குறவனுக்கு என்ன கவல?"

மறுநாளே இழைகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. குடை வழவழவென்று மொட்டையாக நின்றது. கடைக்காரருக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"பயப்படாதீங்க மேடம். தோல் உரிக்கும். பத்து நாள் வரைக்கும்கூட மூடிக்கிட்டு இருக்கும். மேல ஒரு படலம் வரும், அது கழண்டு போகணும். தண்ணி ஃப்ளோ எப்படி இருக்கு?"

"ஃப்ளோ பிரமாதமா இருக்குங்க" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது இப்போதும் காதில் கேட்கிறது.

"அப்ப கழண்டுடும். கொஞ்சம் கூட்டிக்கூட வைங்க."

கொஞ்சம் என்றார். நான் பம்பை இரண்டு படி ஏற்றினேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத் தனித்தனியாக நினைவுபடுத்த முடியவில்லை. எல்லாம் ஒரே நாள்போல ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். மொட்டை. மணல் ஒரு பக்கம் பறித்துக்கொண்டு அடிக்கண்ணாடி தெரியும். அந்த மணல் எல்லாம் எதிர்ப்பக்கம் குவிந்திருக்கும். ஸ்கேலை எடுத்து மறுபடி மட்டமாக்குவேன். கிளம்பிய தூசு பவளத்தின்மேல் படியும். அதைச் சொட்டுக்குழாயால் ஊதி ஊதி அகற்றுவேன். பம்பை ஒரு விரற்கடை திருப்புவேன். மணல் அங்கே பறிப்பது நின்று இங்கே பறிக்கத் தொடங்கும். பத்து மணிக்கு அலுவலகக் கூட்டம். கேமராவை அணைத்துவிட்டுத் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டுக்கொள்வேன். முழங்கை வரைக்கும் உப்பு பூத்து, தோல் வறண்டு, அம்மா தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைத் தொட்டிப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். பத்து நாள் தாண்டியது. பதினைந்து தாண்டியது. படலம் எதுவும் கழலவில்லை. பம்பைப் பார்த்த பக்கத்து விளிம்பு மட்டும் பழுப்பாகி, பிறகு வெண்மையாகக் கூழ்போல இளகத் தொடங்கியது. தண்ணீரில் கையை விட்டு எடுத்தால் இலேசாக வாடை அடித்தது.

இரண்டு கோமாளி மீன்களும் வலது மூலையிலேயே ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. சினேகம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் தண்ணீரின் வேகத்தை எதிர்த்து நீந்தி நீந்தி அவை ஓய்ந்துபோய் அங்கே ஒதுங்கியிருந்தன. கண்ணெதிரே இருந்ததை அப்படித்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

தங்கை தினமும் பேருந்தை விட்டு இறங்கி வந்ததும் தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். பதினெட்டாம் நாள் வரைக்கும் ஏதாவது சொன்னாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் கேலி பண்ணினால்கூடத் தேவலை என்று இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் எங்கள் பக்கம் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் மதியத்துக்குமேல்தான் வரும். மீன்களுக்கு மூச்சுக்காற்று வேண்டுமே என்று பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுக்குழாயை ஒரு மூலையில் போட்டுவிட்டு, செல்போன் இணையத்தில் அலுவலக வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறி இல்லை. கூடம் புழுங்கியது. தங்கைக்குப் பரீட்சை விடுமுறை. தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தவள் பதினொரு மணி வாக்கில் தலையைத் தூக்கினாள்.

"அக்கா. உன் மொட்டைக்கு முடி மொளச்சிருக்கு."

"கிண்டலுக்கு இப்ப எனக்கு நேரமில்ல."

"சத்தியமா. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். அழுகிய விளிம்பைத் தவிர, குடை முழுக்க இழைகள் எழுந்திருந்தன. நீளமாக இல்லை, அரிசி நீளம்தான். ஆனால் நுனியில் பூ இருந்தது. காற்றுக்குழாயின் குமிழிகள் கிளப்பிய சின்ன அசைவில் அவை இப்படிச் சாய்ந்து அப்படித் திரும்பிக்கொண்டிருந்தன. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட மூன்று வாரம் நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்த வேலை எது என்று அப்போதுதான் தெரிந்தது.

தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதான் வந்துடுச்சுல்ல, பின்ன ஏன் இப்படி இருக்க?" என்றாள்.

"நான்தான்டி அத அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. தலைக்குமேல் விசிறி சுற்றியது, பம்பும் ஓடத் தொடங்கியது. நான் எழுந்து போவதற்குள் இழைகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன. பிளக்கைப் பிடுங்கினேன்.

மாலையில் அப்பா வந்ததும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "தண்ணி வந்து அழுகிப் போவுதா? தேங்கி நின்னா அழுகும், சரி. ஓடுற தண்ணி எப்படி அழுக வைக்கும்?" மறுபடி பம்பைப் போட்டு, அணைத்து, இரண்டு முறை காட்டினேன். அதற்குப் பிறகு முகம் கழுவப் போய்விட்டார்.

எங்கள் ஒன்பது மா நிலமும், கிட்டத்தட்ட மூன்று ஏக்கர், கடைமடை. வாய்க்காலின் கடைசிக் கோடி. மேலே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் பாய்ந்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு. ஆற்றில் தண்ணீர் விட்டாயிற்று என்று செய்தியில் சொன்ன நாளிலிருந்து நாங்கள் காத்திருக்கத் தொடங்குவோம். தலைமடைக்காரர்கள் நடவு முடித்து வீட்டில் படுத்துவிடுவார்கள். அப்பா அப்போதுதான் வாய்க்காலில் புல் அறுத்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் தலைமடை வயல்களைப் பார்த்து நான் வெந்திருக்கிறேன். அந்தப் பச்சை வேறு மாதிரி இருக்கும். ஆகையால், ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒன்றை எங்கே வைப்பது என்றபோது, கை தானாகப் பம்ப் வாய்க்குப் போனது. வேறு ஊர்க்காரர் யாராவது அங்கே வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யார் வைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

மறுநாள் பவளத்தை எடுத்து வலது மூலையில், மீன்கள் ஒதுங்கியிருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பம்பை மறுபடி ஓடவிட்டேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்.

"அதையும் கடைமடைக்கே கொண்டாந்துட்டியா? நம்ம ராசி யாரையும் விடாது போலருக்கு."

"அதுக்கு அங்கதாம்ப்பா புடிக்குது."

"புடிக்கும் புடிக்கும். நாமளும் புடிச்சுத்தான் இருக்கோமா?"

அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள், தொட்டி முழுக்க ஓடி வந்த கசடெல்லாம் அந்த மூலையில், அதன் குடைமேல் படிந்து கிடந்தது. இழைகள் மறுபடி உள்ளே. அழுகல் விரல் நகம் அளவுக்கு இன்னும் உள்ளே போயிருந்தது. வேகம் கூடினால் அடிபடுகிறது. வேகம் இல்லையென்றால் மூடிப்போகிறது. நான் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தொட்டியை இறைத்துவிடலாம், இன்றைக்கே, என்று மனம் சொன்னது. சொன்னது சொன்னதுதானே. மீனைக் கொடுத்துவிட்டால் காலையில் எழுந்து டார்ச் அடிக்க வேண்டியதில்லை. அந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்பதுதான் பயமாக இருந்தது. காளான் கொட்டகையை விட்டதும் இப்படி ஒரு நாளில்தான்.

ஆனால் அது இன்னும் சாகவில்லை. அதனால் பந்தயப்படி பார்த்தாலும் விட முடியாது.

தொட்டி எதிரே நாற்காலி போட்டு, மின்தடை அன்று பார்த்ததை மறுபடி யோசித்தேன். அன்று தண்ணீர் நிற்கவில்லை. குமிழி கிளப்பி, போய், கண்ணாடியில் இடித்து, திரும்பி வந்தது. இழைகள் ஒரு பக்கமாகச் சாயவே இல்லை. போய்ப் போய் வந்தன. எங்கள் ஊரில் தண்ணீர் திரும்பி வராது. மேலிருந்து கீழே போகும், போனால் போனதுதான். யார் முதலில் என்பதுதான் கேள்வி. கடலில் தலைமடை என்று ஒன்று கிடையாது. தரங்கம்பாடியில் எத்தனையோ தடவை கால் நனைத்திருக்கிறேன்; அலை வரும், போகும் என்று குழந்தைக்கும் தெரியும். அதை என் தொட்டிக்குள் யோசிக்க எனக்கு இத்தனை வாரம் ஆயிருக்கிறது.

கடைக்காரரைக் கூப்பிட்டு, இந்தத் தடவை பெருமை இல்லாமல், நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"ஒரு சாண் தள்ளியா வச்சீங்க?"

"ஆமாங்க."

"நேரா?"

"நேராதாங்க."

"சரி விடுங்க. தண்டு கெட்டியா இருக்கா? இருந்தா பொழைக்கும். அழுகின விளிம்ப வெட்டி எடுத்துடணும் மேடம். புது பிளேடு. நல்ல சதையில கால் இஞ்ச் சேத்து வெட்டணும், பாவம் பாத்தா மறுபடி பரவும்."

தண்டைத் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது.

நாளை ஞாயிறு. காலையில் வெட்டப்போகிறேன். உயிருள்ள எதையும் இதுவரை நான் வெட்டியதில்லை. வீட்டில் மீன் ஆய்வதும் அம்மாதான். தொட்டித் தண்ணீர் நிறைத்த கிண்ணத்தைத் தங்கை பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். "மயக்கம் வந்தா எம்மேல விழாத, சொவத்துப் பக்கமா விழு" என்று ஒரு நிபந்தனையோடு. வெட்டிய இடத்திலிருந்து கசியும் பால் மீனுக்கு ஆகாது என்பதால் வடிகட்டியில் புதுக் கரி போட்டு வைத்துவிட்டேன்.

பெரிய பம்பைக் கழற்றியாகிவிட்டது. அதற்குப் பதில் இரண்டு சின்னப் பம்புகள் வந்திருக்கின்றன. எதிரெதிர்ச் சுவரில், பவளத்தை நேராகப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துத் திருப்பி வைக்கப்போகிறேன், கண்ணாடியில் மோதிச் சிதறி வரட்டும் என்று. ஒன்று ஓடும்போது மற்றது நிற்கும். டைமரில் எவ்வளவு நேரம் வைப்பது என்று தெரியவில்லை. தண்ணீர் பற்றாத வருடம் வாய்க்கால்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடுவார்களே, அப்படி மறுபடியும் வயல் கணக்கில்தான் யோசிக்கிறேனோ என்று சந்தேகமும் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பார்க்கலாம். மணலை இனி மட்டமாக்கப் போவதில்லை. அது எப்படிக் குவிகிறதோ அப்படியே கிடக்கட்டும்.

வெட்டி முடித்ததும் பவளத்தைத் தொட்டியின் நடுவில், பழைய இடத்தைவிடத் தாழ்வான ஒரு கல்மேல் வைக்க வேண்டும். பசை போட்டு ஒட்டப்போவதில்லை. ஒரு சிப்பி ஓட்டின்மேல் உட்காரவைத்து, ரப்பர் வளையம் ஒன்றைத் தளர்வாகப் போட்டு நிறுத்தப்போகிறேன். இடம் ஒத்துவரவில்லை என்றால் ஓட்டோடு தூக்கி இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம்.